தெள்ளுக்குப் பயந்து பூனையை அனுப்ப மாட்டேன்

மதிப்பிற்குரிய யசுயோ அக்காவின் திருமுன்புக்கு, தம்பி நெகிஷி ஷோகிச்சி நெற்றி தரையில் படக் குனிந்து எழுதுவது.

இங்கே மழைக்காலம் ஒருவழியாக ஓய்ந்து, வேலியோரத்து நீலப் பூக்கொத்துகள் வாடி, சில்வண்டுகள் விடிந்தும் விடியாமலும் கத்த ஆரம்பித்துவிட்டன. ஒசாக்காவில் வெயில் இதைவிடக் கொடுமை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். உங்கள் முழங்காலும் அத்தானின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். பூனையும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது, விஷயம்தான் விஷம். ஓபோன் பண்டிகைக்கு நம் வீட்டு ஆத்மாக்களை வரவேற்க நீங்கள் வந்து இறங்கும்போது என் மனைவி கினுகோ விட்டுப்போன பூனை அந்த வீட்டில் இருக்கக் கூடாது. துறைமுகத்து மீன் கிடங்கில் எலி பிடிக்கப் பூனை தேடுகிறார்கள், பேசி வைத்தாயிற்று. அனுப்பாவிட்டால் இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டீர்கள், கினுகோவுக்கு நானே தனியாக உட்கார்ந்து விளக்கேற்றிக்கொள்ள வேண்டியது. சரியாகப் புரிந்துகொண்டேன் அல்லவா? பதிலும் சுருக்கமாகவே தருகிறேன். முடியாது. அஸுகி எங்கேயும் போக மாட்டாள்.

கினுகோவின் நினைவுச் சடங்கு நாளில் நடந்ததை நான் மறுக்கவில்லை. கறுப்பு உடையும் வெள்ளைக் காலுறையுமாகச் சொந்தபந்தம் முழுக்க பூசை மாடத்துக்கு எதிரே மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்துவிட்டால் இந்த நாட்டில் யாருக்கும் சொறிகிற உரிமை கிடையாது, உங்களுக்கே தெரியும். ரியோகாய் பிக்கு மணியைத் தட்டிச் சூத்திரத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைக் காலுறைகள்மேல் எள் தெளித்த மாதிரி கறுப்பு கறுப்பாகத் துள்ளுவதை நான் பார்த்தேன், எல்லோரும்தான் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. வழக்கமாக இழுத்து இழுத்து ஓதுகிற பிக்கு அன்றைக்குக் கடைசி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஓதினார். நடுவில் ஓர் இடத்தில் சூத்திரத்திலேயே இல்லாத ஒரு "ஹா!" வந்தது. நாமும் பயபக்தியோடு "ஹா!" என்று திருப்பிச் சொன்னோம். முடிந்ததும் யாராவது வாயைத் திறந்தார்களா? "வீட்டை எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க!" என்றாள் தக்காஓகா சித்தி மகள், கணுக்காலைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு. நீங்கள் மட்டும் "தோட்டத்துல காத்து நல்லா வருது" என்று எழுந்து போய் மேப்பிள் மரத்துக்குப் பின்னால் நின்று சொறிந்தீர்கள். நான் பார்த்தேன் அக்கா.

மானம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். போனது என் மானம், அது என்னோடு இருக்கட்டும். ஆனால் பூனையை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்டீர்களே, அதற்குச் சொல்கிறேன். அஸுகி எனக்குப் பிடித்த பூனை இல்லை. கினுகோ அதைச் சந்தையிலிருந்து கூடையில் வைத்துத் தூக்கி வந்த நாளிலிருந்து அதுவும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தோம். கினுகோ போன பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசுவது அதனிடம் மட்டும்தான். "இன்னிக்குச் சாதம் குழைஞ்சுபோச்சு" என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். உங்களிடம் தொலைபேசியில் சொன்னால் தண்ணீர் அளவு சொல்லித் திட்டுவீர்கள். அது திட்டாது. குழைந்த சாதத்தையும் மோந்து பார்த்துவிட்டு என் பக்கத்திலேயே உட்காரும். அதை நான் மீன் கிடங்குக்கு அனுப்ப வேண்டுமாம். என்னை அனுப்புங்கள், போகிறேன்.

சும்மா வாய்ச்சவடால் விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், தெள்ளுப்பூச்சியோடு நான் போர் தொடுத்தேன். முதலில் குளியல். தொட்டியில் வெந்நீர் நிரப்பி, மூலிகைச் சோப்பைக் கரைத்து, கோவணத்தோடு நானும் இறங்கி, அஸுகியையும் இறக்கினேன். கால் நனைகிறவரை சும்மா இருந்தது. வயிறு நனைந்ததும் உடம்பிலிருந்த தெள்ளு அத்தனையும் தண்ணீருக்குத் தப்பி அதன் முகத்துக்கு ஏறின, அது தண்ணீருக்குத் தப்பி என் முகத்துக்கு ஏறியது, ஆகக் கடைசியில் மொத்தக் கூட்டமும் என் புருவத்தில் வந்து சேர்ந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு இகராஷி, அதாவது தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "யோவ் நெகிஷி! வழுக்கி விழுந்துட்டியா?" என்றார். "இல்ல, பாட்டு பாடறேன்" என்றேன். "இந்த வயசுல அவ்ளோ உச்சத்துல பாடாதேய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முகத்தில் நகக்கீறலோடு, கூடையில் பூனையோடு டாக்டர் ஒகுனோவிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் வாய் பெரிது. ஈரமான வெள்ளைத் தாளை விரித்து, பல் நெருங்கிய சீப்பால் அஸுகியின் முதுகை வாரினாள். உதிர்ந்த கறுப்புத் தூள் தாளில் பட்டதும் சிவப்பாகக் கசிந்தது. "தோட்டத்து மண்ணும்மா" என்றேன். "மண்ணு செவப்பா கசியுமா சார்? இது தெள்ளு போட்ட எச்சம். எல்லாம் இவளோட ரத்தம்" என்றாள். இத்தனை நாளும் கடிபட்டது நாம்தான் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம் பாருங்கள். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கி ஒரு மருந்தைச் சொட்டினாள். "இதை மாசாமாசம் விடாம போடணும். ஆனா பூனை மேல இருக்கறது கொஞ்சம்தான். முட்டையும் புழுவுமா மிச்சமெல்லாம் உங்க பாயிடுக்குல இருக்கு. தினமும் தூசு உறிஞ்சி போடுங்க, அது படுக்கிற துணியெல்லாம் கொதிக்கிற தண்ணில துவைங்க. அவசரப்படாதீங்க, கூட்டுக்குள்ள இருக்கறதெல்லாம் மெதுவாத்தான் வெளிய வரும்." அவசரப்படாதே என்று நம் குடும்பத்து ஆளிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வீடு திரும்பியதும் கம்பியால் நெம்பி பூசை அறைத் தரை முழுக்கப் பதித்த தடித்த தத்தாமி பாய் அத்தனையும் கிளப்பினேன். கனம் தாங்காமல் இகராஷியைக் கூப்பிட்டேன். "எதுக்குய்யா இந்த வெயில்ல?" என்றார். "காத்தாடட்டும்னு" என்றேன். தெள்ளு என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது, என்ன செய்ய, நானும் இந்த ஊர்க்காரன்தானே. தோட்டத்தில் சாய்த்து வைத்து மூங்கில் கழியால் சாத்து சாத்தென்று சாத்தினேன். அடியில் தரைப்பலகையைத் துடைத்து, இடுக்கெல்லாம் தூசு உறிஞ்சினேன். எல்லாம் அருமை. திருப்பிப் போடும்போதுதான் வினை. ஒவ்வொரு பாயும் அதனதன் இடத்துக்கு அளவெடுத்து வெட்டியது, அதனால் தூக்குமுன் முதுகில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட வேண்டும், கினுகோ அப்படித்தான் செய்வாள். நான் போடவில்லை. ஒன்று உள்ளே இறங்க மறுத்தது, ஒன்று தொளதொளவென்று காலே நுழைகிற சந்து விட்டது. இகராஷியும் நானும் ஏறி நின்று குதித்தோம். இந்த மூலையை அமுக்கினால் அந்த மூலை எழும்புகிறது. சாயங்காலம் ஒருவழியாக எல்லாம் படிந்து உட்கார்ந்ததும் இகராஷியின் முகம் செத்துவிட்டது. "யோவ்... நாலு மூலையும் ஒரே எடத்துல சேருதேய்யா." ஆமாம் அக்கா, சாவு வீட்டில் மட்டும் விரிக்கிற விரிப்பு. நீங்கள் மயங்கி விழுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதை நான் மாற்றவில்லை, மாற்றவும் போவதில்லை. இந்த வீட்டில் இப்போது சாக வேண்டியவை தெள்ளுப்பூச்சிகள்தான், துக்கம் அவற்றுக்கே.

அப்படியும் மறுநாள் காலுறையில் இரண்டு துள்ளின. டாக்டர் சொன்ன பொறுமையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுப் பூச்சிமருந்துப் புகை டப்பா வாங்கி வந்தேன். புகை போடுமுன் அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டும் என்பது முறை. கைத்துண்டைப் பரிசுத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு இகராஷி வீட்டுக்கும், இந்தப் பக்கத்து ஹட்டோரி அம்மா வீட்டுக்கும் போய்க் குனிந்தேன். "நாளைக்கு மத்தியானம் எங்க வீட்லேர்ந்து கொஞ்சம் புகை வரும். தொந்தரவுக்கு மன்னிக்கணும்." எதனால் புகை என்று நான் சொல்லவில்லை, எதனால் என்று அவர்கள் கேட்கவில்லை. மறுநாள் பூசை மாடத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, தீயெச்சரிக்கைக் கருவிக்கு உறை போட்டு, கினுகோவின் படத்தைப் புகையில் விட மனமில்லாமல் தோட்டத்து நிழலில் ஒரு நாற்காலியில் வைத்து, பக்கத்தில் அஸுகியின் கூடையை வைத்து, டப்பாவைக் கிளப்பிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் இகராஷி பீர் புட்டிகளோடும், ஹட்டோரி அம்மா ஒரு தட்டு ஊறுகாயும் சோற்றுருண்டையுமாகவும் நிற்கிறார்கள்.

"கினுகோவுக்குப் பிடிச்ச மீனைச் சுடறீங்கன்னு நெனச்சேன் சார்" என்று ஹட்டோரி அம்மா படத்துக்கு முன்னால் கைகூப்பினாள். கண் கலங்கியிருந்தது. "வாங்க, உக்காருங்க" என்றேன். மூவரும் உட்கார்ந்தோம். இகராஷி கினுகோவுக்கு ஒரு கோப்பை ஊற்றி வைத்தார். கூரையிடுக்கிலிருந்து புகை மெல்ல இறங்கியது. ஹட்டோரி அம்மா மூக்கைச் சுளித்தாள். "இது மீன் வாசனை இல்லையே... இது..." சட்டென்று நிறுத்தினாள். கன்னம் சிவந்தது. "இது என்னம்மா?" என்றார் இகராஷி. "எங்க வீட்லயும் போன வாரம் இதே வாசனைதான்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு இகராஷி எழுந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். கணுக்காலிலிருந்து மேலே வரிசை வரிசையாகத் தடிப்பு. "நெகிஷி, வசந்தத்துலேர்ந்து நான் ராத்திரி தூங்கலைய்யா. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல." "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!" "நீ எங்கிட்டச் சொன்னியா?" அவ்வளவுதான், மூவரும் மனம் விட்டுச் சொறிந்தோம் அக்கா. அந்தச் சுகத்தை என்னென்று சொல்வது! கினுகோ மட்டும் உயிரோடு இருந்திருந்தால் சிரித்துச் சிரித்தே விழுந்திருப்பாள்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இகராஷிக்குப் பூனை ஆகாது, தும்முவார். ஹட்டோரி அம்மா வீட்டில் ஒரு பாடும் பறவையைத் தவிர வேறு உயிரில்லை. பிறகு எப்படி மூன்று வீட்டிலும் தெள்ளு? அதுவும் பூசை மாடத்துக்கு எதிரே பிக்கு மண்டியிடுகிற மெத்தையைச் சுற்றித்தான் அதிகம், மூன்று வீட்டிலும்! மாதாமாதம் மூன்று வீட்டுக்கும் தரையில் புரளும் அங்கியோடு வந்து ஓதுகிறவர் யார்? பீர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். அங்கே போய்ப் பார்த்தால் தாழ்வாரம் முழுக்கப் பூனை. வெள்ளை, கறுப்பு, திட்டுத் திட்டு, ஒரு காதில்லாதது. சலவை செய்து மடித்த பட்டு அங்கிமேல் ஒரு கொழுத்த கடுவன் சுகமாகப் படுத்துக்கொண்டு காதைச் சொறிகிறது.

"சாமி, அன்னிக்கு நடுவுல ஒரு 'ஹா' வந்துதே?" என்று கேட்டேன்.

ரியோகாய் பிக்கு மொட்டைத் தலையைத் தடவினார். "அது சூத்திரம் இல்ல நெகிஷி சார். கடி."

"நாங்க எல்லாரும் திருப்பிச் சொன்னோமே சாமி!"

"அதான் எனக்கும் ரொம்பச் சங்கடமாப் போச்சு." பிறகு கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்தார். "எங்க கோயில்லேர்ந்துதான் வந்திருக்கும். எல்லாம் எங்க கவனக்குறைவு."

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல, எங்க வீட்லேர்ந்துதான் வந்திருக்கும்" என்று நான் குனிய வேண்டும், அவர் மறுக்க வேண்டும், நான் மறுபடி குனிய வேண்டும், கடைசியில் யாருடைய தப்பும் இல்லாமல் இருவரும் தேநீர் குடிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறேன். அன்றைக்கு மீன் கிடங்கு கண்முன் வந்து நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமா சாமி. உங்க கோயில்லேர்ந்துதான்" என்றேன். பாவம், திறந்த வாய் திறந்தபடி இருந்தார். அவர் ஆயுளில் யாரும் அவருடைய மன்னிப்பை அப்படியே எடுத்துக்கொண்டதில்லை போலிருக்கிறது. தேநீரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆக, அக்கா, வழக்கு முடிந்தது. அஸுகி குற்றமற்றவள். வீட்டோடு இருந்த அப்பாவியைக் கோயில் தெள்ளு வந்து கடித்திருக்கிறது, நீங்களோ கடிபட்டவளையே நாடு கடத்தப் பார்த்தீர்கள். "டேய் ஷோகிச்சி, நீ எப்பவுமே பெண்டாட்டி பேச்சும் பூனைப் பேச்சும் கேக்கறவன்" என்று எழுதியிருந்தீர்களே, இந்த முறை ஆதாரத்தோடு கேட்கிறேன். ஓபோனுக்கு வாருங்கள். வந்தால் முதலில் பூசை மாடத்துக்கும் அடுத்து பூனைக்கும் குனிந்துவிட்டு உட்காருங்கள். வர மாட்டேன் என்றால் உங்கள் இஷ்டம், நானும் அஸுகியும் வாசலில் வரவேற்பு விளக்கை ஏற்றிக் கினுகோவை உள்ளே அழைத்துக்கொள்வோம். அவள் வந்ததும் முதலில் என்னைத் தேட மாட்டாள், பூனையைத்தான் தேடுவாள். அது இல்லை, எலி பிடிக்கப் போயிருக்கிறது என்று அவளிடம் சொல்ல என்னால் ஆகாது.

அத்தானுக்கு என் வணக்கம். வெயிலில் அலையாதீர்கள், ஊறுகாயில் உப்பைக் குறையுங்கள், இரவில் வயிற்றில் ஒரு துணியாவது போர்த்திக்கொண்டு தூங்குங்கள். உங்கள் இருவர் உடம்பும் நம் முன்னோர் காவலில் பத்திரமாக இருக்கட்டும்.

வளையாத முதுகோடு,
தம்பி
நெகிஷி ஷோகிச்சி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், நம் ஊர்ப் பிக்குகள்தான் குடும்பஸ்தர்கள் ஆயிற்றே, பிக்குவின் மனைவி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கப் பயற்று இனிப்புப் பெட்டியோடு, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து. வாசலிலேயே மண்டியிட்டுக் குனிந்தாள். நானும் பெரிய மனசு பண்ணி, "பரவால்லம்மா, இனிமே பாத்துக்கோங்க" என்று சொல்லிப் பெட்டியை வாங்கி ஒன்றை வாயிலும் போட்டுக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து அஸுகி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவள் மடியில் ஏறியது. "அடியே, இளவரசி! நீ இங்கியா இருக்க?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வசந்தத்துலேர்ந்து தினமும் காலைல எங்க சமையலறைக்கு வருவா சார். மீன் தலை போடுவேன். எங்க பூனைங்க கூடத்தான் ஒட்டி உரசிப் படுத்திருப்பா. எங்கதுக்கெல்லாம் அதுக்கு முன்னாடி தெள்ளே கிடையாது. ஊர்ப்பூனை எதுவோ கொண்டுவந்துடுச்சுன்னு நெனச்சோம், ஆனா இவ முகத்தைப் பாத்து எப்படித் துரத்தறது?" வாயிலிருந்த இனிப்பை அவசரமாக விழுங்கினேன். நான் குனிந்தேன், அவள் அதைவிடக் குனிந்தாள், நான் அதைவிடக் குனிந்தேன், இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. நாளைக்கு டாக்டர் ஒகுனோவைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் பூனைகள் அத்தனைக்கும் என் செலவில் மருந்து சொட்டப்போகிறேன், பிக்குவின் முன் நெற்றி தேயக் குனியப்போகிறேன், அடுத்து இரண்டு வீட்டுக்கும் கைத்துண்டோடு போகப்போகிறேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இத்தனை பக்கமும் அது குற்றமற்றது, அதனால் இருக்கட்டும் என்று வாதாடியிருக்கிறேன். குற்றம் செய்திருந்தால் அனுப்பிவிடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் அக்கா. ஆகவே தயவுசெய்து இதே கடிதத்தைப் பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். பூனை குற்றமற்றது என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். பூனை போகாது என்று வருகிற இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.